ரோட்டுல பொறுக்கின விதை

எங்க தறி ரூம் கூரை மேல வருஷா வருஷம் சாம்பல் பூசணி படரும். எல்லாம் ஒரே விதை வழி, பத்து வருஷமா நான் எடுத்து வெச்சுக் காப்பாத்திக்கினு வர்றது. ஒரு வருஷம் சரியாக் காயாத விதையை அவசரப்பட்டு பாட்டில்ல போட்டு மூடிட்டேன். அத்தனையும் கறுத்துப் போச்சு. தப்பினது நாலு, முளைச்சது ஒண்ணு. அந்தக் கொடியும் மழையில அழுகி, ஒரே ஒரு காயைக் குடுத்துட்டுச் செத்துது.

விதை நல்லா முத்தட்டும்னு அந்தக் காயைத் தறி ரூம் மூலையில வெச்சிருந்தேன். அது விதைக்குன்னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவர் நெய்யும்போது சொன்னதுதான் தப்பு. தறியில உக்கார்ந்துட்டா அந்த மனுஷனுக்குக் காதுல எதுவும் ஏறாது, தலையை மட்டும் ஆட்டுவார்.

ஆயுத பூஜை அன்னிக்கு நான் சுண்டல் தாளிச்சுக்கினு இருந்தேன். வாசல்ல 'டொப்'னு சத்தம். ஓடி வந்து பார்த்தா, தறிக்குத் திருஷ்டி கழிக்கிறேன்னு என் காயில குங்குமம் ரொப்பி, கற்பூரம் ஏத்திச் சுத்தி, நடுத்தெருவுல உடைச்சிட்டு, பெரிய கும்பாபிஷேகம் முடிச்ச முகத்தோட நிக்கிறார்.

"ஏன்யா, அது விதைக் காய்"னேன்.

"நல்லா பெருசா இருந்துதுமா"ன்னார்.

முறத்தை எடுத்துக்கினு தெருவுலயே உக்கார்ந்து பொறுக்க ஆரம்பிச்சேன். எதிர் வீட்டம்மா ஓடி வந்தாங்க. "கழிச்ச திருஷ்டியைத் திரும்ப வீட்டுக்குள்ள கொண்டு போறியே, குடும்பம் விளங்குமா?"

"தெருவுல பாதிப் பேர் கண்ணு ஏற்கெனவே எங்க மேலதான் இருக்குது, புதுசா என்ன வரப்போவுது"ன்னேன்.

அதுக்குள்ள ஒருத்தன் பைக்கை விதை மேலயே ஏத்திட்டுப் போனான். அவனைத் திட்டினதை இங்க எழுத முடியாது. மிஞ்சின விதையைக் குங்குமம் போகக் கழுவி, சாம்பல்ல புரட்டி, இந்தத் தடவை பத்து நாள் காய வெச்சேன்.

அடுத்த வருஷம் கூரையே தெரியல, அவ்வளவு காய். எதிர் வீட்டம்மா மோர்க்குழம்புக்கு மூணு காய் வாங்கிக்கினு போனாங்க. அப்புறம் மெதுவா, "நாலு விதை குடேன்"னாங்க.

"ரோட்டுல பொறுக்கினதாச்சே"ன்னேன். காதுல விழாத மாதிரி முந்தானையில முடிஞ்சுக்கினாங்க.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், இருக்கிறதுலயே பெரிய காயைப் பறிச்சு அவர் கண்ணுல படாம ஒளிச்சு வைக்கலாம்னு ஏணி போட்டு ஏறினேன். காய் மேல படிஞ்ச வெள்ளைச் சாம்பல்ல விரலால எழுதியிருந்துது: 'இது விதைக்கு. உடைக்கக் கூடாது.' கோழி கிளறின மாதிரிக் கையெழுத்து, அவரோடதுதான். முட்டி வலின்னு மூணு மாசமா கடைக்குக்கூட நடக்காத ஆளு, எப்போ ஏணி ஏறினாரோ தெரியல. காயைப் பறிக்காம அப்படியே இறங்கி வந்துட்டேன்.