மாதா ஏறப்போகும் அலுமாரி

என் தச்சுச் சாமான் அலுமாரி இன்று காலைதான் முடிந்தது.

புரோசார்ட் நகரக் குளிருக்குள், கராஜில் ஹீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தது. ஒவ்வொரு இழுப்பு லாச்சியும் என் உளி, வாள், சீவுளியின் அளவுக்கே வெட்டியது. தள்ளிக்கொண்டு போக அடியில் நாலு சில்லு.

மத்தியானம் மாதா கோயில் கமிட்டி அந்தோனி அண்ணை பெருநாளுக்கு ஆக்கள் இருக்கக் கதிரைகள் இரவல் எடுக்க வந்தார். அலுமாரியைக் கண்டதும் ஒருக்கால் தள்ளிப் பார்த்தார். சத்தமில்லாமல் போனது.

"தம்பி, பெருநாளுக்கு இதைத் தாருமன். மாதா சுருவத்தை மேல வைச்சுக் கோயில் பார்க்கிங்கைச் சுத்தி ஊர்வலமாத் தள்ளுவம். தூக்கிற ஆக்கள் எல்லாருக்கும் இப்ப இடுப்பு, நாரியெல்லாம் நோ."

நான் வாயைத் திறக்கும் முன் மனைவி சொன்னாள்: "ஓம் அண்ணை, கொண்டுபோங்கோ."

ஒரு நாள்தானே என்று நானும் தலையாட்டினேன். அவர் கதிரைகளோடு போனதும் உளிகளை லாச்சிக்குள் அடுக்கத் தொடங்கினேன். மனைவி பிடித்துக்கொண்டாள்.

"என்னப்பா செய்யிறியள்? மாதா ஏறப்போற அலுமாரிக்குள்ள இந்த ஊத்தைச் சாமானுகளையே வைக்கிறது?"

"பெருநாள் முடிய வைக்கலாம்தானே?"

"பேந்தும் ஏலாது. மாதா ஏறினாப் பிறகு அது வீட்டுக்குள்ளதான். மெழுகுதிரியும் செபப் புத்தகமும் வைப்பம்."

நான் ஒன்றுதான் கேட்டேன். "மாதாவின்ர புருசன் சூசையப்பரும் தச்சு வேலைதானே செய்தவர். மாதா இருந்த வீட்டில அவர் உளியை எங்க வைச்சவர்?"

உளிகள் பழையபடி பெயின்ட் வாளிக்குள் நிற்கின்றன.

சூசையப்பர் உளியை எங்கே வைத்தார் என்று யாருக்காவது தெரிந்தால் கீழே கமென்டில் எழுதுங்கள். அவளும் வாசிப்பாள்.