கயிறு கொடுக்காமல் விற்ற வண்டி

மோட்டார் சைக்கிளை விற்கப் போவதாக என் கணவர் சொன்னதும், சந்தோஷத்தை மறைக்க அடுப்படிக்குள் ஓட வேண்டியிருந்தது எனக்கு. அவருக்கு இடுப்புப் பிடிப்பு வந்ததால், இனிமேல் கிக்கரை மிதிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புருஷனுக்கு இடுப்பு வலி என்றால் பெண்டாட்டி வருத்தப்பட வேண்டும். நானும் பட்டேன், ஆனால் சந்தோஷப்பட்ட பிறகுதான்.

அறுபத்து மூன்றாம் வருஷம் நான் காரைக்குடிக்கு வாழ வந்தபோது, அந்த வண்டி எனக்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்திருந்தது. அது மூத்தவள், நான் இளையவள். காலையில் எழுந்ததும் அதன் முகத்தில்தான் விழிப்பார். வெள்ளிக்கிழமை நான் தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலோடு நிற்பேன். அவர் அதைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார். அதன் சத்தத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். எனக்குத் தொண்டை கட்டி மூன்று நாள் ஆனாலும் தெரியாது. என் வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்வது? இரும்போடு சக்களத்திச் சண்டை போடுகிறாள் என்று ஊர் சிரிக்காதா?

எழுபத்தைந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்டரமாணிக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வண்டியை வாங்க வந்தார். கூடவே அவர் மனைவியும் வந்திருந்தாள். சின்னப் பெண். பேச்சு முடிந்து காபியும் குடித்தாயிற்று. இவர் வாத்தியாரை விடுவதாக இல்லை.

"காலையில எடுத்ததும் அவசரப்படுத்தாதீக. ரெண்டு மிதி சும்மா மிதிச்சிட்டு, மூணாவதுலதான் கிளப்பணும். ஏத்தத்துல ரொம்ப முறுக்காதீக, பாவம்."

பாவமாம்! பன்னிரண்டு வருஷத்தில், எனக்கு எது பிடிக்கும், எது ஆகாது என்று யாரிடமாவது இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா?

வாத்தியார் வண்டியில் உட்கார்ந்தார். பின்னால் அவர் மனைவி ஏறினாள். இவர் பதறிப்போய், "தங்கச்சி, சைலன்சர் சுடும், காலைத் தள்ளி வச்சுக்கங்க" என்றார்.

என் கெண்டைக்காலில் அந்தச் சைலன்சர் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. கல்யாணமான புதிதில் குன்றக்குடி மலைக்குப் போய் இறங்கியபோது பட்டது. அன்றைக்கு, "பாத்து இறங்க மாட்டியா?" என்று ஏசினாரே தவிர, முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது அந்தப் பெண்ணின் மேலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வண்டி கிளம்பும் நேரத்தில், "ஒரு நிமிசம்" என்று இவர் நிறுத்தினார். எங்கள் வீடு மாடு கட்டிய வீடு. மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டோம். அவிழ்த்து வைத்துக்கொண்டு வெறும் மாட்டைத்தான் அனுப்புவோம். கயிறும் போனால் அதோடு வீட்டு லட்சுமியும் போய்விடுமாம். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவருவார். இரும்பு வண்டிக்குக் கயிறு ஏது? சீட்டுக்கு அடியில் கையை விட்டு, துடைக்கிற துணியை உருவிக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீக."

"இதுல என்னண்ணே இருக்கு? நாங்களும் வெவசாயக் குடும்பந்தான்" என்றார் வாத்தியார்.

வண்டி தெரு திரும்பிப் போனது. சத்தம் அடங்கும்வரை துணியோடு வாசலிலேயே நின்றார். பக்கத்தில் நின்ற நான் அப்போதுதான் அந்தத் துணியைச் சரியாகப் பார்த்தேன். எண்ணெய்க் கறுப்புக்கு நடுவே ஓர் ஓரத்தில் அரக்குக் கரை தெரிந்தது. நாட்டரசன்கோட்டையில், என் தாய்வீட்டில் எடுத்துக் கொடுத்த கண்டாங்கிச் சேலை. வந்த புதிதில், "வண்டி துடைக்கப் பழந்துணி இருந்தாக் குடு" என்று கேட்டார். பழந்துணி எத்தனையோ கிடந்தது. நாலு தடவைகூடக் கட்டாத அந்தச் சேலையைக் கிழித்துக் கொடுத்தேன். துடைக்கும்போதெல்லாம் என் நினைப்பு வரட்டும் என்று.

வண்டியில் இருந்த அவ்வளவு சாமானில் அதைத்தானே எடுத்து வைத்துக்கொண்டார்!

"ஏங்க, இது என்னன்னு தெரியுதா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? வண்டித்துணி. அது வாசம் அப்புடியே இருக்கு பாரு" என்று என் மூக்கருகே நீட்டினார்.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தோன்றியதால் சொல்லவில்லை. அவர் உள்ளே போய், துணியை நாலாக மடித்து, பீரோவில் தன் சட்டைகளுக்கு நடுவே பத்திரப்படுத்தினார். தன் சேலையைப் பார்த்துத் தானே பொறாமைப்பட்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.