மோட்டார் ரூமில் ஒரு கத்தி

கண்ணுகளா, அரிசி டப்பாவுக்குப் பின்னால் கீறல் விழுந்த காய்க்கத்தியும் உப்புத்தாளும் கிடந்தன. அந்த உப்புத்தாள் வாசத்தில் எனக்கு அன்னூர்த் தோட்டத்துக் கிணற்று மோட்டார் ரூம் நினைவுக்கு வந்துவிட்டது. உங்கள் வயதில், அப்பாவின் புதுக் கத்தியால் மோட்டாரின் துருவைச் சுரண்டிக் கீறல் போட்டுவிட்டு, அங்கே தாழ் போட்டுக்கொண்டு, கிரீஸ் நாற்றத்தில் வேர்க்க வேர்க்க அதை உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்கும் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க ஒரு கீறல் நூறானது.

“ஏனுங்க, உள்ள சுரண்டறது எலிங்களா?” வெளியே அப்பா சிரித்தார்.

எனக்குக் கதவைத் திறக்கக் கை வரவில்லை. ஜன்னல் வழியாகக் கத்தியைக் கிணற்றில் போட்டுவிட்டேன். கிணறும் ரூமும் இப்போது இல்லை. அப்பா கண்மூடும்வரை நான் சொல்லவேயில்லை.

இன்று நீங்கள் பள்ளிக்கூடம் போனதும், அந்தக் காய்க்கத்தியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, உப்புத்தாளால் நெடுக ஒரே பக்கமாகத் தேய்த்து, நீங்கள் ஒளித்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.