சிடிக்கு வைத்த பொட்டு

என் மனைவியின் முதல் வருடத் திதி முடிந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். கடலூர் முதுநகரில் என் மாமனார் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது. நான் இருப்பது சிதம்பரத்தில். பஸ் ஏறி உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். அந்தத் தூரத்தைக்கூட அவள் இறந்த பிறகு நான் தவிர்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த வீட்டுக்குள் நுழைந்தாலே அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பது போல இருக்கும். எதற்கு வம்பு என்று போனில் பேசுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

அவள் நன்றாகப் பாடுவாள். யாரிடமும் போய்க் கற்றதில்லை. வீட்டில் நடப்பதை எல்லாம் அப்படி அப்படியே பாட்டாக்கிவிடுவாள். கிள்ளையிலிருந்து கூடை தூக்கி வரும் மீன்காரம்மா, நான் விடும் குறட்டை, இப்போது வெளியூரில் தங்கிப் படிக்கும் எங்கள் மகளின் அன்றைய கணக்குப் பரீட்சை, எதையும் விட்டுவைத்ததில்லை. “மீனு வந்தாச்சி, கரண்டு போயாச்சி, மிக்சி ஓடலியே மாமா, அம்மியில அரைக்க வரீங்களா மாமா” என்று ஒரு நாள் மீனைக் கழுவிக்கொண்டே பாடினாள். நான் போனை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துப் பதிவு செய்தேன். என்னை முறைத்தாளே தவிர பாட்டை நிறுத்தவில்லை. இப்படிச் சேர்ந்தவை இருபத்திரண்டு பாட்டுகள். அவள் போன பிறகு அதில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

ஒரு நாள் மாமனாரே போன் செய்தார். சர்க்கரை வியாதியில் அவருக்குப் பார்வை போய் மூன்று வருடம் ஆகிறது. மகன், மருமகளோடு இருக்கிறார். அவர்கள் இருவரும் காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார்கள். அதுவரை அவருக்குத் துணை பழைய சிடி பிளேயர் ஒன்றுதான்.

“மாப்ள, அவ பாட்டெல்லாம் ஒங்க போன்ல இருக்குதாமே. அத ஒரு சிடியில போட்டுக் குடுப்பீங்களா?”

இன்றைக்கு யார் சிடி கேட்கிறார்கள்? மச்சான் போனுக்கு அனுப்பிவிடுகிறேன், ஒரு நிமிஷ வேலை என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

“போன்ல எங்க என்னா இருக்குதுன்னு எனுக்கு எப்பிடித் தெரியும்? போட்டு விடுப்பா, போட்டு விடும்மான்னு எத்தினி தடவ அவுங்கள கேக்குறது? பொட்டியின்னா பட்டன் கைக்குத் தெரியும். அவ நெனப்பு வரும்போது நானே போட்டுக்குவேன்.”

சரி மாமா, சிடியாகவே கொண்டு வருகிறேன் என்றேன்.

நான் ஒரு கல்லூரியில் லேப் உதவியாளர். கம்ப்யூட்டர் நமக்குத் தெரியாததா என்ற மிதப்பு எப்போதும் உண்டு. லேபில் சிடி எழுதும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் கிடந்தது. தூசியைத் தட்டி, இருபத்திரண்டு பாட்டையும் போனிலிருந்து இழுத்துப் போட்டு, வெற்று சிடி ஒன்றில் எழுதினேன். அதே கம்ப்யூட்டரில் போட்டதும் பட்டியல் வந்தது. முதல் பாட்டு ஓடத் தொடங்கிய நொடியிலேயே நிறுத்திவிட்டேன். ஓடுகிறது, அது போதும் என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு பிளேயருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தயாராக இருந்தார். மச்சானும் அவர் மனைவியும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான் சிடியைப் போட்டேன். உள்ளே சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. பாட்டு வரவே இல்லை. கழற்றித் துடைத்து, மூன்று தடவை போட்டும் அதே கதை. அவர் தலையைச் சாய்த்தபடி காத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார்.

“உடுங்க மாப்ள. பொட்டி பழசு. அது என்னா பண்ணும் பாவம்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவருடைய மற்ற சிடிகள் எல்லாம் அதே பொட்டியில் மணி மணியாக ஓடுகின்றன என்று இருவருக்குமே தெரியும். திரும்பி வரும்போது புதுச்சத்திரம் தாண்டும்வரை நான் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சிதம்பரம் ஸ்டேஷன் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர் ஒருவரைத் தேடிப் போனேன். முன்பின் பழக்கம் இல்லாதவர். என் சிடியைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துச் சிரித்தார்.

“சார், இதுல பாட்ட மூட்டையா கட்டி வச்சிருக்கீங்க. கம்ப்யூட்டர் அவுத்துப் பாத்துக்கும். பழைய பொட்டிக்கு அவுக்கத் தெரியாது. அதுக்கு ஆடியோ சிடியாவே எழுதணும். எழுதி முடிச்சி, இனிமே எதுவும் சேக்க மாட்டேன்னு சிடிய மூடியும் வைக்கணும்.”

லேப் உதவியாளரின் மிதப்பு அங்கேயே இறங்கியது. இன்னொன்றும் சொன்னார். அப்படி எழுதினால் எண்பது நிமிடத்துக்கு மேல் பிடிக்காது. என்னிடம் இருந்ததோ அதைவிட ஜாஸ்தி. எதை வைப்பது, எதை விடுவது என்று கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு ஹெட்போனை என் கையில் கொடுத்துவிட்டு, கேளுங்க சார், அவசரமில்ல என்று வெளியே போய் நின்றுகொண்டார்.

ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் குரலை அன்றுதான் முழுதாகக் கேட்டேன். குக்கர் விசில், தெருவில் காய்கறி வண்டி, நடுவில் அவள் பாட்டு. அழுதேன், சொல்ல வெட்கமில்லை. ஸ்டூடியோக்காரர் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பாட்டுக்கு முன்னும் பின்னும் இருக்கும் பேச்சை வெட்டிவிட்டால் இடம் மிச்சமாகுமே என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன். அதற்குப் பதில் மூன்று பாட்டுகளை விட்டேன். என் குறட்டைப் பாட்டு அதில் ஒன்று. குறைந்த வேகத்தில் எழுதி, தன்னிடம் இருந்த பழைய பிளேயரிலும் போட்டுக் காட்டித்தான் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு மறுபடி கடலூர். மாமனாரிடம் சிடியைக் கொடுத்துவிட்டுக் கை கால் கழுவக் கொல்லைப் பக்கம் போனேன். திரும்பி வந்தால் அவரே சிடியை உள்ளே வைத்து மூடி, பட்டனையும் அழுத்தியிருந்தார். முகத்தில் அவ்வளவு ஆவல். ஆனால் சுற்றுகிற சத்தம்தான் வந்தது. பாட்டு இல்லை.

எனக்கு வந்ததே கோபம்! அங்கேயே நின்று ஸ்டூடியோக்காரருக்குப் போன் போட்டு, என்னங்க இது, ஒரு வயசானவர ரெண்டாவது தடவையா ஏமாத்திட்டோமே என்று கத்தினேன். அவர் பதறவில்லை. மூடியைத் திறந்து பாருங்கள் என்றார்.

திறந்தேன். சிடி தலைகீழாகக் கிடந்தது. கீழே இருக்க வேண்டிய, இப்போது மேலே பார்த்த பளபளப்பான பக்கத்தில், நடு ஓட்டைக்குச் சற்றுத் தள்ளி, ஈரம் காயாத சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

மிக்சியோ சைக்கிளோ, புதிதாக எது வீட்டுக்கு வந்தாலும் சாமி மாடத்தில் வைத்துப் பொட்டிடுவது அந்த வீட்டு வழக்கம். என் மனைவியும் எங்கள் வீட்டு பிரிட்ஜுக்கு அப்படித்தான் வைத்தாள். தன் மகளே சிடியாக வந்திருக்கும்போது இவர் சும்மா விடுவாரா? நான் கொல்லையில் நின்ற நேரத்தில் சுவரைத் தடவிக்கொண்டே மாடம்வரை போய் வைத்துவிட்டு வந்திருக்கிறார். கடையில் வாங்கிய சிடிகளில் அச்சடித்த பக்கம் அவர் விரலுக்குக் கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரியுமாம். இது இரண்டு பக்கமும் வழவழவென்று இருந்தால் அவர் என்ன செய்வார்?

போனில் ஸ்டூடியோக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. சுற்றிச் சுற்றித் துடைக்காதீங்க சார், நடுவுலேருந்து ஓரத்துக்கு நேரா துடைங்க என்று சொல்லிக் கொடுத்தார். ஈரத் துணியால் அப்படியே துடைத்தேன். மாமனார் குற்றவாளி போலக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“நான்தான் கெடுத்துட்டனா மாப்ள?”

“ஒண்ணும் ஆவல மாமா. நீங்களே அழுத்துங்க” என்று அவர் விரலைப் பிடித்துப் பட்டனில் வைத்தேன்.

முதலில் தண்ணீர் சத்தம். பிறகு அவள் குரல். மீன் பாட்டு. ‘அம்மியில அரைக்க வரீங்களா’ என்ற இடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பாட்டு முடிந்ததும், வெட்டாமல் விடச் சொன்னேனே, அந்தப் பேச்சு வந்தது. “ரெக்கார்ட் பண்றீங்களா? நிறுத்துங்க மாமா. எங்கப்பா கேட்டா, பொண்ணு என்னா இப்பிடிக் கத்துதேன்னு சொல்லுவாரு.” சிரித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை நிறுத்தினார். பிளேயர் பக்கம் குனிந்து, “இல்லம்மா, சொல்ல மாட்டன், நீ பாடு” என்றார்.

மறுவாரம் நான் போகும்போது ஒரு சின்ன அட்டையை எடுத்துப்போனேன். எங்கள் பீரோவில் அவள் பாதி வைத்து மீதி விட்டுப்போன ஸ்டிக்கர் பொட்டு அட்டை. தூக்கிப்போடவும் மனமில்லாமல், பார்க்கவும் முடியாமல் ஒரு வருடமாக அங்கேயே கிடந்தது. அதிலிருந்து ஒரு பொட்டை எடுத்து, சிடியின் மேல் பக்கத்தில் உள்வட்டத்துக்கு அருகில் ஒட்டினேன். மாமனார் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். பொட்டு கைக்குப் பட்டால் அது மேல் பக்கம். இனிமேல் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பாட்டுகள் இன்னும் என் போனிலும் இருக்கின்றன. ஆனாலும் சிதம்பரத்து வீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்க இன்றைக்கும் என்னால் முடிவதில்லை. அவள் குரலுக்கு ஏங்கும்போதெல்லாம் கடலூர் பஸ்ஸைப் பிடிக்கிறேன். நான் போய்ச் சேர்வதற்குள் மாமா அந்தப் பொட்டைத் தடவிப் பார்த்து, மகளைச் சரியான பக்கமாக வைத்துக்கொண்டு, எனக்காகப் பட்டனை அழுத்தாமல் காத்திருக்கிறார்.