நெற்றி இருந்த இடம்

"அண்ணே, அம்மா தவறிட்டாங்க. படம் ஒண்ணு பிரேம் போடணும்" என்று மாலா போனில் சொன்னபோது, பிரிக்பீல்ட்ஸில் என் பிரேம் கடையில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தேன். "என்ன சைஸ்மா?" என்றுதான் வாயில் வந்தது. அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. பிரேம் கடைக்காரனுக்குச் சாவு ஆர்டராகத்தான் வரும். வேரா ஆன்டியின் சாவுமா அப்படி வரவேண்டும்?

மாஸ்கோவுக்குப் படிக்கப்போன எங்கள் ஊர் செந்தூல் பையனைக் கட்டிக்கொண்டு வந்தவர். "வெள்ளைக்கார ஆன்டி" என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவார். "ருஷ்யாக்காரின்னு சொல்லு. வெள்ளைக்காரன் உன்னை ஆண்டான், நான் உனக்கு ரசம் வச்சுத் தரேன்!" அந்த ரசத்தைக் குடித்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

ஒருமுறை பழைய குடும்பப் படம் ஒன்றைப் புது பிரேமுக்குக் கொண்டுவந்தார். ராணுவ உடையில் ஒருவர், பக்கத்தில் மனைவி, நடுவில் குழந்தை. அந்த ராணுவக்காரர் முகம் இருந்த இடத்தில் கத்தரித்த ஓட்டை. அவருடைய கை மட்டும் குழந்தையின் தலைமேல் அப்படியே இருந்தது.

"அப்பா பட்டாளத்துல அரசியல் அதிகாரி. கட்சி சொல்றத சிப்பாய்ங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். ஒருநாள் அதே கட்சி ஆளுங்க வந்து, துரோகின்னு கூட்டிட்டுப் போனாங்க. துரோகி முகம் வீட்ல இருந்தா எங்களுக்கும் ஆபத்து. அம்மாதான் வெட்டினா. கையையும் வெட்டணும்னா என் தலையையும்ல வெட்டணும்? விட்டுட்டா."

பிறகு அம்மாவையும் கொண்டுபோனார்கள். குழந்தை அனாதை விடுதிக்குப் போனது. பல வருடம் கழித்துத் திரும்பிய அம்மாவிடம், அப்பா எப்படி இருப்பார் என்று ஆன்டி கேட்டாராம். "உன்னை மாதிரி." அம்மா சொன்னது அவ்வளவுதான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "ஆன்டி, இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல முகம் வரவழைச்சிடலாம்" என்றேன்.

"வேணாம் லா. எவனோ ஒருத்தன் மூஞ்சியை அப்பான்னு நான் கும்பிடணுமா?"

செந்தூலுக்கு வந்த முதல் தீபாவளிக்கு, முன்னோர் படையலில் வைக்க மாமியார் ஆன்டியுடைய அப்பா படத்தையும் கேட்டாராம். ஆன்டி ஓட்டையோடு அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறார். மாமியார் அதை வாங்கிப் படையலில் வைத்து, ஓட்டைக்கு நேராகக் கண்ணாடிமேல், நெற்றி இருக்கவேண்டிய இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

"அதுவரைக்கும் கூட்டிட்டுப் போனாங்கன்னுதான் சொல்லுவோம். செத்துட்டார்னு யாருமே எங்களுக்குச் சொல்லல. அந்தப் பொட்டுதான் சொல்லிச்சு."

புதுக் கண்ணாடி மாட்டியதும் என் விரல்களைப் பிடித்து அதன்மேல் வைத்தார். "காலருக்கு மேல நாலு விரல். இங்கதான்." அப்போதும் அவர் அழவில்லை.

பதினாறாம் நாள் ஆன்டி படமும் அவர் அப்பா படமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டையும் பளிச்சென்று துடைத்து வைத்திருந்தாள் மாலா. அம்மாவுக்குப் பொட்டு வைத்தாள். தாத்தா படத்துக்கு வந்ததும் விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது.

"எப்பவும் அம்மாதாண்ணே வைப்பாங்க. எங்க வைக்கிறது?"

காலருக்கு மேல் நாலு விரல் வைத்தேன். "இங்கம்மா."

ஆன்டியிடமிருந்து என்னிடம் தங்கியது இவ்வளவுதான்: யாருமே பார்க்க முடியாத ஒருவரின் நெற்றி எங்கே இருக்கிறது என்பது.