எத்தனை பேருக்கு வரும் இந்தக் காற்று?

கண்ணுக்குத் தெரியாத அழுக்கை, அது போனதும் தெரியாதபடி எடுத்துவிடும் பெட்டியை விற்றுப் பிழைப்பது எங்கள் தொழில். செஞ்சியில் ரைஸ்மில் தூசிக்கும் ரோடு போடுகிற புழுதிக்கும் பஞ்சமில்லை. ஆனால் அறையை அளக்காமல் ஏர் பியூரிஃபையர் தர மாட்டேன் என்று நின்றால் என்ன ஆகும் என்பது, என்னைப் போலக் கடையில் நின்று விற்றவர்களுக்குத் தெரியாததல்ல.

ஆளுக்கொரு டேப்

காதர் பாய் மர வேலைக்காரர். வீட்டின் முன்பாதி பட்டறை, பின்பாதி குடித்தனம். மகள் நஸ்ரீனுக்கு ஏழாம் மாதம். சிறு வயதிலிருந்தே வீசிங். தூசி இல்லாத அறை இருந்தால் தாய் வீட்டுக்குப் போகலாம், இல்லையென்றால் பிரசவம் வேலூரில் மாமியார் வீட்டோடுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் டேப்போடு போனேன். அவரும் தன் டேப்பை எடுத்தார். பத்துக்குப் பன்னிரண்டு. இருவர் கணக்கும் நூலிழை பிசகாமல் ஒத்துப்போன பெருமிதத்தில் சின்ன மிஷினே போதும் என்றேன். பாய் சொன்னார்: "சார், அளவுல நம்ம ரெண்டு பேரையும் அடிச்சிக்க ஆளு கிடையாது."

ஆறு பேர் குடும்பம்

அதே வாரம் மேல்மலையனூரிலிருந்து ஒரு தம்பதி. "வூட்ல ஆறு பேரு. அமாவாசைன்னா சொந்தக்காரங்க இருபது பேரு வந்துடுவாங்க. எது வாங்கலாம்?" என்றார் அந்த அம்மா. இது குக்கர் இல்லை, தலையை எண்ணி வாங்க முடியாது, அறையைத்தான் அளக்க வேண்டும் என்று கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "அது சரிங்க, கூட்டம் வந்தா கொஞ்சம் தண்ணி ஊத்திக்கலாமா?"

மனையடி

செஞ்சியில் எல்லா ஹாலும் பதினாறடி நீளம், கேட்டுப் பாருங்கள். மனையடி சாஸ்திரத்துக்குப் பதினாறு பிடிக்கும், பதினைந்து ஆகாது. ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் என் டேப் பதினைந்தில் நின்றது. வாய் திறப்பதற்குள் என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். "மிஷினு எது வேணா குடுங்க சார். பதினஞ்சுன்னு எங்க வூட்டம்மா காதுல வுழுந்துச்சி, வூட்டையே இடிக்கச் சொல்லும்."

சிவப்பு விளக்கு

பாய் போன் செய்தார். "சார், காத்து சுத்தமானா பச்சையாவும்னீங்களே, ரெண்டு நாளா மிஷின்ல செவப்பு லைட்டு மாறவேயில்ல. நாளான்னிக்கு புள்ள வருது."

ஓடினேன். அளந்தேன். அதே பத்து, அதே பன்னிரண்டு. மிஷின் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரைந்தது. வேறு வழி தோன்றாமல் அண்ணாந்து பார்த்தேன். அறைக்கும் பட்டறைக்கும் நடுவிலிருந்த சுவர் ஏழடியோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஓடு வரைக்கும் வெட்டவெளி. 'கூரை உயரம் ஒன்பது அடி எனக் கொள்க' என்று பெட்டியில் பொடி எழுத்தில் இருந்ததைக் கடையில் மூன்று முறை படித்தவன் நான். அந்தச் சின்ன மிஷின் இரண்டு நாளாகப் பட்டறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. ஓட்டு இடுக்கையும் சேர்த்தால் ஊருக்கு மேலே மலையில் நிற்கும் ராஜகிரிக் கோட்டையையும்.

தப்பு என்னுடையது, பெரிய மிஷினாக மாற்றித் தருகிறேன் என்றேன். பாய் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "மிஷின ஏன் சார் பெருசாக்கணும்? ரூமைச் சின்னதாக்கிடலாம்."

பட்டறையைப் பூட்டி, பலகைகளைத் தெருவில் வைத்து அறுத்தார். புது ப்ளைவுட்டில் பசை வாடை வரும் என்று நான் சொன்னதால் பழைய தேக்குப் பலகை. மறுநாள் சாயங்காலம் சீலிங் ஏறியது; அறையைத் துடைத்துக் கதவைச் சாத்தினோம். அரை மணியில் விளக்கு பச்சையானது. இரண்டு பேரும் அதை டிவி மாதிரி உட்கார்ந்து பார்த்தோம்.

நஸ்ரீன் வந்தாள். முதல் ராத்திரியே இருமலில்லாமல் தூங்கியதாகச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டபோது சிரித்தாள். "வுடுங்கண்ணே. ஒரு சீலிங் போடுங்கன்னு அம்மா இருவது வருசமா சொல்லுது. செவப்பு லைட்டு எரிஞ்சாத்தான் அத்தாவுக்குக் காது கேக்கும் போல."

அந்தச் சீலிங்குக்குக் கீழே இன்று ஒரு பேத்தி கால் உதைத்துக்கொண்டிருக்கிறாள். நானோ எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து பார்க்கிறேன், பல்லி விழப்போகிறது என்று வீட்டுக்காரர்கள் ஓர் எட்டு தள்ளி நிற்கிறார்கள்.