அக்கா வந்திருந்த வருடம்

வீட்டில் இரண்டு பெண்கள். பெரியவள், சின்னவள் என்று அம்மா கூப்பிட்டதே இருவருக்கும் நிலைத்துவிட்டது. இருவரும் படித்தது கம்ப்யூட்டர்தான். பெரியவள் எல்லோருக்கும் தெரிந்த மாநகரத்துக்கு, எல்லோருக்கும் தெரிந்த கம்பெனிக்குப் போனாள். சின்னவளுக்கு வேலை கிடைத்தது வேறொரு நகரத்தில். அதுவும் பெரிய நகரம்தான். சரக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பழைய கிடங்குகள் முழுக்க மென்பொருள் கம்பெனிகள். காலை பஸ்ஸில் கழுத்தில் அடையாள அட்டை தொங்காத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் உறவுக்காரர்கள், "அந்த ஊர்லயும் கம்ப்யூட்டர் வேலை இருக்கா?" என்றுதான் விசாரிப்பார்கள்.

"இருக்கு சித்தப்பா, கரண்ட்டும் இருக்கு" என்பாள் சின்னவள்.

அவளுடைய கம்பெனி ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இருந்தது. லிஃப்ட்டுகளுக்கு மென்பொருள் எழுதுவார்கள். எங்கோ ஒரு மாடியில் ஒருவர் பொத்தானை அழுத்தினால், இருக்கிற லிஃப்ட்டுகளில் எது போய் அவரை ஏற்றிக்கொள்வது என்று முடிவு செய்கிற கணக்கு அது. முதலாளி ஒரு காலத்தில் லிஃப்ட் மெக்கானிக். இன்னமும் சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் இருக்கும். இத்தனைக்கும் சின்னவள் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க மூன்று மாடி ஏறித்தான் வீட்டுக்குப் போவாள்.

எப்போதாவது வரும் பெரியவள், ஜன்னல் வழியே கிடங்குகளைப் பார்த்துவிட்டு, "இங்க எப்படித்தான் காலந்தள்றியோ" என்று உச்சுக்கொட்டுவாள். அந்த ஊரில் தன்னை யாரும் எட்டிப் பார்க்காதது சின்னவளுக்குப் பிடித்திருந்தது. அங்கே அவள் யாருக்கும் தங்கை இல்லை.

ஒரு நாள் காலையில் பெரியவளின் அட்டைக்கு ஆபீஸ் கதவு திறக்கவில்லை. அவள் இருந்த பிரிவையே மூடிவிட்டார்கள். இரண்டு பெட்டிகளோடு தங்கையிடம் வந்து சேர்ந்தாள். "கொஞ்ச நாள்தான்" என்றாள். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. எங்கிருந்தும் அழைப்பு வரவில்லை. பகலெல்லாம் படுத்தே கிடந்தாள்.

விஷயம் முதலாளியின் காதுக்கு எட்டியது. "உங்க அக்கா சும்மாதான இருக்காங்க? இங்க வரச் சொல்லுங்கம்மா" என்றார். சின்னவள் தலையாட்டிவிட்டு வந்தாளே தவிர, வீட்டில் வாயைத் திறக்கவில்லை. அக்கா சோபாவில் சுருண்டு கிடப்பதைப் பார்க்கப் பார்க்கத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது. கடைசியில் சொல்லிவிட்டாள்.

"உங்க கம்பெனியிலயா?" என்று கேட்டுவிட்டு, பெரியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சரி, வரேன்."

வந்தவள் சும்மா இருக்கவில்லை. தங்கை எழுதி வைத்திருந்த கணக்கைப் படித்துவிட்டு, "இதை அடியோட மாத்தணும்" என்றாள். தானே புதிதாக ஒன்றை எழுதியும் வைத்தாள். சாப்பாட்டு அறையில் சண்டை வெடித்தது.

"நீ எங்க போனாலும் முதல்ல எல்லாத்தையும் கலைச்சுப் போட்டுடுவ" என்றாள் சின்னவள்.

"நீ எழுதினதுல யாரும் கை வைக்கக் கூடாது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நழுவிவிட்டார்கள்.

மறுநாள் சின்னவள் அக்கா எழுதியதைச் சோதித்துப் பார்த்தாள். ஒரு ஆஸ்பத்திரியின் காலை நேரக் கூட்டத்தை அதற்குக் கொடுத்து ஓட்டினாள். ஜனங்கள் காத்திருக்கும் நேரம் நன்றாகவே குறைந்தது. எங்காவது ஓட்டை இருக்காதா என்ற ஆசையில் மறுபடி ஓட்டினாள். இல்லை. எழுந்து போய் முதலாளியிடம், "அக்கா எழுதினதுதான் சரி சார், அதையே போட்டுடலாம்" என்றாள்.

சாயங்காலம் படியேறும்போது பெரியவள் கேட்டாள்: "அவர்கிட்ட நீயேவா போய்ச் சொன்ன?"

"ஆமா. எரிச்சலாத்தான் இருந்தது."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க நான் எதையோ ஒரு மூலையில எழுதுவேன்டி. அது என்ன ஆச்சு, ஓடுதா இல்லையான்னு எனக்கே தெரியாது" என்றாள்.

அந்த ஆஸ்பத்திரியில் புதிய கணக்கு ஓடத் தொடங்கிய அன்று இருவரும் போய்க் கீழ்த்தளத்தில் நின்றார்கள். ஓர் ஊழியர் சக்கர நாற்காலியில் ஒரு வயதானவரை வைத்து, அவரிடம் ஏதோ பேசியபடியே தள்ளிக்கொண்டு வந்து பொத்தானை அழுத்தினார். கையை எடுப்பதற்குள் லிஃப்ட் வந்து நின்றது. ஊழியர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பேச்சை நிறுத்தாமல் உள்ளே போய்விட்டார். கதவு மூடிய பிறகும் பெரியவள் அங்கேயே நின்றாள். கிளம்பலாம் என்று சின்னவள் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

வருடம் முடிவதற்குள் மாநகரத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது, முன்பைவிடப் பெரிய பதவிக்கு. பாத்திரம் தேய்த்துக்கொண்டே பெரியவள் அதைச் சொன்னாள். எப்போதும் "போயிட்டு வா" என்று மட்டும் சொல்லிப் பழகிய சின்னவள் இந்தத் தடவை கொஞ்சம் தயங்கினாள்.

"போகாதன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீ போறது எனக்குப் பிடிக்கல."

பெரியவள் குழாயை மூட மறந்து நின்றாள். "முதல் தடவை வீட்டைவிட்டுப் போனப்ப இதைச் சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன்."

"அப்ப நீ போனது எனக்குப் பிடிச்சிருந்தது" என்றாள் சின்னவள்.

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்புறம் பெரியவள் முகத்தைக் கழுவிக்கொண்டு போய்ப் பெட்டியை இறக்கினாள்.

வீடு மறுபடி தனக்கே ஆனதில் சின்னவளுக்குச் சில நாள் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு அது என்னவோ போல் ஆகிவிட்டது. ஆபீஸில் புதிதாக யார் சேர்ந்தாலும் தன் கணக்கைத் திறந்து வைத்து, "இதுல எங்க கை வைக்கலாம்னு முதல்ல பாருங்க" என்று சொல்லத் தொடங்கினாள். சொல்லும்போது உள்ளே சுருக்கென்றுதான் இருக்கும். ஆனாலும் சொல்லிவிடுவாள்.

பெரியவள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறாள். அங்கே மறுபடியும் ஏதோ ஒரு மூலையில்தான் வேலை என்கிறாள். வருத்தமா என்று கேட்டால் இல்லை என்கிறாள். சின்னவள், தான் எழுதியதில் அந்த வாரம் யார் எங்கே கை வைத்தார்கள் என்று சொல்லத் தொடங்குகிறாள். அது முடியும்வரை பெரியவள் போனை வைப்பதில்லை.